ஒரே ஒழுங்கைக்காரர்

அச்சுவேலி கைத்தொழிற்பேட்டை, முற்பகல் பத்தேகால்.
மின்விசிறிக் காற்றில் திரை அசைய
ஐரோப்பாவும் கொஞ்சம் அசைந்தது.

முதலாளிமார் பதினொரு பேர்.
முதலாளி என்றால்
விரலிடுக்கில் காய்ந்த பைபர் பிசின்,
சட்டைப்பையில் கொழும்புக் கடைக்காரனின் பில்,
வாசலில் விட்ட லான்ட்மாஸ்டரிலேயே ஒரு கண்.

பிஸ்கே வளைகுடாக் கரையிலிருந்து வந்தவள் இட்சாசோ.
அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குக் கடல் என்று பொருளாம்.
தன் மாகாணத்தில் உருக்காலைகள் மூடியபின்
போட்டிக்காரர் நால்வர்
ஒரே பரிசோதனைக்கூடத்துக்கு வாடகை கட்டினார்கள் என்றாள்.
எல்லைக்கு அப்பால் இன்னொரு நாட்டு மாகாணம்
அச்சு வார்த்து அனுப்ப
இவர்கள் மெருகிட்டு விற்றார்களாம்.
நான் மணிக்கூலிக்கு மொழிபெயர்த்தேன்.

பிறகு அவள் கிளஸ்டர் என்றாள்.

கொத்தணி. கலைச்சொல் அகராதி எடுத்து நீட்டியது.
நாக்கு நுனியில் நின்றுவிட்டது.
முன்வரிசையில் எமலியானுஸ், குருநகரில் படகு கட்டுபவர்,
இடக்காதில் கேள்கருவி.
வானத்திலிருந்து விழுகிற ஒன்றின் பெயராகத்தான்
இங்கே பலர் அந்தச் சொல்லை முதலில் கேட்டது.
கொள்கை எழுதியவளுக்கு அது தெரிய நியாயமில்லை.

குலை எனலாம், கோப்பாய் முந்திரிகை கண்ணில் வரும்.
ஆனால் குலை என்பது ஏவலும்கூட.
கொத்து, அரிசி அளக்கிறது.
இல்லையென்றால் இரவுக்கடை ரொட்டித் தகட்டுச் சத்தம்.
கூட்டு என்று வாய்திறந்தால்
சங்கத்தில் போன காசை இன்னும் கூட்டிப்பார்க்கிற
மூன்று பேர் எழும்பிப் போய்விடுவார்கள்.

"ஒரே ஒழுங்கைக்காரர் மாதிரி" என்றேன்.

ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.
நாவாந்துறையில் நண்டுச்சதை பதனிடும் திலகராணிதான் எழும்பினா.
"ஒழுங்கையெண்டால் சண்டையும் இருக்கும்.
போன கிழமை ஐஸ் இல்லாமல் நாப்பது கிலோ பழுதாப்போச்சு.
இந்தா இருக்கிறார் ஐஸ்காரர்,
மன்னாருக்கு ஏத்தினவர்."
"மன்னார்க்காரன் முற்பணம் தாறான்" என்றார் ஐஸ்காரர்,
கூரையைப் பார்த்து.

இதையும் மொழிபெயர்க்கச் சொன்னாள் இட்சாசோ.
மொழிபெயர்த்தேன்.
மன்னாரிலும் நண்டா என்று கேட்டாள்.
ஓம்.
வாங்குவது யார்?
திலகராணி ஒரு கம்பனியின் பெயரைச் சொன்னா.
அவர்கள் யாருக்கு விற்கிறார்கள்?
அது தெரியாது.
நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, தெரியாது.

பழைய இரும்பு வாங்கும் ஜுனைதீன்
இரண்டு ஊருக்கும் லொறி விடுகிறவர்.
கேட்காமலே ஒரு நம்பரை அழுத்திப்
போனை மேசைமேல் வைத்தார்.
அந்தப் பக்கம் காற்று, ஒரு இயந்திரம், பிறகு குரல்:
"நீங்கள் எங்களைவிட அறுபது ரூபா குறைச்சுக் குடுக்கிறியளாம்.
அதைச் சொல்லித்தானே அவன் எங்கட விலையை அடிச்சவன்?"

திலகராணி கதிரையில் இருந்துவிட்டா.
அவவுக்கும் அதே அறுபதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

புரொஜெக்டர் தானாக நீலத்துக்குப் போனது.
என்ன சொன்னான், என்ன சொன்னான் என்றாள் இட்சாசோ.
சொன்னேன்.
மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு
என் பேனையை இரவல் வாங்கினாள்.

பிசின் விலை பற்றி அன்று முடிவில்லை.
ஐஸ் பற்றியும் இல்லை. சோறு வந்துவிட்டது.
கை கழுவுமிடத்தில் எமலியானுஸ் என்னிடம் சொன்னார்:
"தங்கச்சி, நீங்கள் விழுங்கின சொல்லு
வாசல் பதாகையில ஒரு முழ எழுத்தில கிடக்குது.
வாசிச்சிட்டுத்தான் உள்ள வந்தனான்."
ஈரக்கையைச் சாரத்தில் துடைத்தார்.
"அந்த மன்னார் நம்பரைக் குறிச்சனீங்களோ?"